மாற்று என்பது தரமாகுமா? தனிமேடை நகைச்சுவையும் அதன் இரு அணிகளும்

‘மாற்று’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் வழக்கில் உள்ளன. ஒன்றற்குப் பதிலாக நிற்கும் வேறொன்று என்பது ஒரு பொருள். மாற்று வழி, மாற்று மருத்துவம் என்னும்போது இப்பொருளையே கொள்கிறோம். பொன்னின் தூய்மை அளவு என்பது மற்றொரு பொருள். பத்தரை மாற்றுத் தங்கம் என்னும்போது நாம் கருதுவது இதனை. முதற்பொருள் உறவைச் சுட்டுகிறது. எதற்கு மாற்று என்று கேட்டு விடை பெற்றாலன்றி அது நிறைவுறாது. இரண்டாம் பொருள் தரத்தைச் சுட்டுகிறது. உரைகல்லில் உரைத்துப் பார்த்தே அதனை அறிதல் கூடும்.

இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று மயங்குவதால் வளர்ந்த ஒரு வழக்கினை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஒருவர் ஒலிவாங்கியின்முன் தனியே நின்று பேசி மக்களை நகைக்கச் செய்யும் கலையை ஸ்டாண்ட்-அப் காமெடி என்பர். தனிமேடை நகைச்சுவை என்று இதனை இங்குக் குறிப்போம். இக்கலையில் ஈடுபாடு கொண்ட பிரிட்டானியச் சுவைஞர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரு அணிகளாக நின்று வழக்காடி வருகின்றனர். மாற்று நகைச்சுவையே உயர்ந்தது என்பர் ஓர் அணியினர். மக்கள் திரளாக வந்து மகிழும் வெகுசன நகைச்சுவையே உண்மையான நகைச்சுவை என்பர் மற்றோர் அணியினர்.

மொழியியலாருக்கு இவ்வழக்கில் என்ன வேலை என்று மாணவர் கேட்கலாம். தனிமேடை நகைச்சுவைக்கு ஒப்பனை வேண்டா. உடன் நடிப்பாரும் வேண்டா. பேச்சு ஒன்றே அதன் கருவி. ஒரு சொல் இடம் மாறினால் அரங்கின் நகைப்பு அடங்கிப்போகும். சொல்லின் வரிசையும், சொல்லாமல் விடப்பட்ட பொருளும், கேட்போரின் உலக அறிவும் ஒன்றாகச் சேர்ந்து தொழிற்படும் இடம் இது. ஆகவே இது மொழியியலாருக்கும் உரிய களமே.

வழக்கின் பிறப்பு

இவ்வழக்கின் தோற்றத்தை அறிய 1970களின் பிரிட்டனுக்குச் செல்ல வேண்டும். அங்கே தொழிலாளர் மன்றங்கள் ஊர்தோறும் இருந்தன. அவற்றின் ஒன்றியம் 1862-ல் தொடங்கப்பட்டது. வார இறுதிகளில் உழைப்பாளர்கள் குடும்பத்தோடு அங்குக் கூடிப் பாட்டும் நகைச்சுவையும் கேட்டு மகிழ்ந்தனர். அம்மேடைகளில் தேர்ந்த கலைஞர்களை கிரனடா தொலைக்காட்சி 1971-ல் ‘தி கமீடியன்ஸ்’ என்னும் நிகழ்ச்சியின் வழியாக நாடெங்கும் அறியச் செய்தது. மான்செஸ்டரில் சொந்தமாக எம்பசி கிளப் நடத்திய பெர்னார்ட் மேனிங், பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஃபிராங்க் கார்சன், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து பின்னர்க் காற்பந்தாட்டக்காரராகவும் விளங்கிய கறுப்பினத்தவரான சார்லி வில்லியம்ஸ் ஆகியோர் அதில் புகழ்பெற்றனர்.

அக்கலைஞர்களின் திறம் எளிதன்று. ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு கதைத் துணுக்குகளை இடைவெளியின்றி அடுக்கும் வேகமும், இறுதிச் சொல்லைத் தக்க நொடியில் விடும் கணிப்பும் அவர்களிடம் இருந்தன. துணுக்குகள் பெரும்பாலும் பொதுச்சொத்து. ஒருவர் சொன்னதை மற்றொருவர் தம் மேடையில் சொல்வது குற்றமாகக் கருதப்படவில்லை. நம் பழமொழிகளையும் விடுகதைகளையும்போல் அவை வாய்மொழி வழக்காறாகவே உலவின. ஆயினும் அத்துணுக்குகளில் பெரும்பகுதி அயர்லாந்துக்காரரையும், கறுப்பினத்தவரையும், ஆசியக் குடியேறிகளையும், மாமியாரையும், மனைவியையும் எள்ளுவதாக இருந்தது.

1979 மே மாதம் 4-ஆம் நாள் மார்கரெட் தாட்சர் தலைமை அமைச்சரானார். அதே மாதம் 19-ஆம் நாள் இலண்டன் சோஹோ பகுதியில், ஆடை களையும் நடன விடுதி ஒன்றின் மேல்தளத்தில், ‘காமெடி ஸ்டோர்’ திறக்கப்பட்டது. காப்புறுதி விற்பனையாளரான பீட்டர் ரோசன்கார்ட், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அதே பெயருடைய அரங்கைக் கண்டு வந்து, டான் வார்டு என்பவருடன் சேர்ந்து இதனைத் தொடங்கினார். லிவர்பூலைச் சேர்ந்த அலெக்ஸி செய்ல் முதல் நெறியாளராக நின்றார். யாரும் மேடையேறலாம், அவையினர் பொறுமை இழந்தால் சேகண்டி ஒலிக்கும், பேசுபவர் இறங்கிவிட வேண்டும்.

அவ்வாண்டிலேயே டோனி ஆலன், செய்ல் முதலியோர் ‘ஆல்டர்னேட்டிவ் கேபரே’ என்ற பெயரில் குழுவாக இணைந்து பல இடங்களில் நிகழ்ச்சி நடத்தினர். மாற்று நகைச்சுவை என்ற பெயர் நிலைபெறக் காரணமானவர்களுள் இவர்கள் முதன்மையானவர்கள். நிறத்தையும் பெண்ணையும் எள்ளாமை, பிறர் துணுக்கை எடுத்தாளாமல் சொந்த அனுபவத்தையும் அரசியலையும் பேசுதல் ஆகிய இரண்டும் இம்மேடையின் நெறிகளாயின. எதற்கு மாற்று என்ற வினாவுக்கு அன்று தெளிவான விடை இருந்தது. மன்ற மேடைக்கு இது மாற்று.

மாற்று, பெருவழி ஆதல்

அவ்விடை நெடுநாள் நிலைக்கவில்லை. 1982 நவம்பர் 2-ஆம் நாள் சேனல் 4 ஒளிபரப்பைத் தொடங்கிய முதலிரவிலேயே மாற்று மேடையினர் நடித்த ‘தி காமிக் ஸ்ட்ரிப் பிரசென்ட்ஸ்’ இடம்பெற்றது. ஒரு வாரம் கழித்து பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் ‘தி யங் ஒன்ஸ்’ தொடங்கியது. அதனை எழுதியவர்களுள் ஒருவரான பென் எல்டன் பிற்காலத்தில் பெருந்திரள் காணும் இசை நாடகங்களையும் எழுதினார். 1993-ல் ராபர்ட் நியூமனும் டேவிட் படியலும் சுமார் 12,000 பேர் அமரும் வெம்பிளி அரங்கில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினர். அவ்வரங்கில் அவ்வாறு மேடையேறிய முதல் நகைச்சுவையாளர்கள் அவர்களே. விடுதியின் மேல்தளத்தில் தொடங்கிய கலை பதினான்கு ஆண்டுகளில் விளையாட்டரங்கை நிரப்பியது.

நிறவெறித் துணுக்கைத் தவிர்த்தல், சொந்தமாக எழுதுதல் ஆகிய மாற்று மேடையின் நெறிகள் இக்காலத்துள் பொது நெறிகளாகவே ஆகிவிட்டன. இன்று பிரிட்டனில் வெகுசன நகைச்சுவை எனப்படுவது பெர்னார்ட் மேனிங்கின் மேடையன்று. மாற்று மேடை திருத்திய நிலத்தில் எழுந்த புதிய மேடை. ஆகவே 1979-ல் ‘மாற்று’ என்ற சொல் சுட்டிய பொருள் வேறு. இன்று சுட்டும் பொருள் வேறு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சுவைஞர்கள் இரு வேறு வழக்குகளை நடத்துகின்றனர். அவர்களுடைய பூசல் தீராமைக்கு இது முதற்காரணம்.

இரு அணியினரின் வாதங்கள்

இன்றைய வழக்கினை விளக்க இருவரை எடுத்துக்கொள்வோம். மைக்கேல் மெக்கின்டயர் வெகுசன அணியினர் போற்றும் கலைஞர். 2009-ல் பிபிசியின் முதல் அலைவரிசையில் அவருடைய ‘காமெடி ரோட்ஷோ’ ஒளிபரப்பானது. ஸ்டூவர்ட் லீ மாற்று அணியினர் போற்றும் கலைஞர். அதே 2009-ல் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் அவருடைய ‘காமெடி வெஹிக்கிள்’ தொடங்கி, 2016 வரை நான்கு தொடர்களாக வந்தது.

மெக்கின்டயர் ஆண்களுக்கென வீட்டில் இருக்கும் ஓர் இழுப்பறையைப் பற்றிப் பேசுவார். பழைய மின்கலம், எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத சாவி, கைவிடப்பட்ட கைப்பேசி ஆகியன அதில் கிடக்கும். கேட்போர் ஒவ்வொருவரும் தம் வீட்டு இழுப்பறையை நினைந்து நகைப்பர். ‘ஆம், எங்கள் வீட்டிலும் அப்படியே’ என்று இனங்காணும் மகிழ்ச்சி இது. லீயின் வழி வேறு. ஒரே தொடரைச் சலிக்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்வார். நகைப்பு எழ வேண்டிய இடத்தில் நிறுத்தி, அத்துணுக்கு எவ்வாறு கட்டப்பட்டது என்று விளக்குவார். அரங்கின் ஒரு பகுதியினருக்குப் புரியவில்லை என்று கூறிக் கடிந்துகொள்வார். செருக்கும் மனக்கசப்பும் உடைய ஒருவராகத் தம்மை அமைத்துக்கொண்டு, அப்பாத்திரத்தையே எள்ளலுக்கு உள்ளாக்குவார்.

மாற்று அணியினர், “இழுப்பறையைப் பற்றிச் சொல்வது கேட்போருக்கு முன்பே தெரியும்; தெரிந்ததைத் தெரிந்தவரிடம் சொல்வதில் கலை எங்கே?” என்று கேட்பர். வெகுசன அணியினர், “நகைக்க வைக்க வேண்டிய இடத்தில் விரிவுரை நிகழ்த்துவது நகைச்சுவையா? புரியாமையைப் பெருமையாகக் கொள்வதன்றோ இது?” என்று மறுப்பர். முன்னவர் அரங்கின் அளவைக் கண்டு தரம் தாழ்ந்தது என்கின்றனர். பின்னவர் அதே அளவைக் கண்டு தரம் உயர்ந்தது என்கின்றனர். இரு சாராரும் உரைகல்லை எடுக்காமலே மாற்றுச் சொல்கின்றனர்.

நகைப்பின் இலக்கணம்

உரைகல் எது என்று காண, துணுக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். ஓர் ஆசிரியரும் மாணவனின் தந்தையும் பேசுகின்றனர்.

“உங்கள் மகன் என் வகுப்பில் ஒருநாளும் தூங்கியதில்லை.”

“மிக்க மகிழ்ச்சி ஐயா.”

“வந்தால்தானே தூங்குவதற்கு!”

முதல் தொடர் இரு நிலைமைகளுக்குப் பொருந்துகிறது. ஊக்கத்தோடு பாடம் கேட்கும் மாணவன் என்பது ஒன்று. வகுப்புக்கே வராத மாணவன் என்பது மற்றொன்று. கேட்போர் முதலாவதைக் கொள்கின்றனர். இறுதித் தொடர் இரண்டாவதைக் காட்டி அவர்களைத் திருப்புகிறது. ஒரே உரைப்பகுதி, தம்முள் முரணும் இரு பொருட்சட்டகங்களுக்கு இடந்தருவதே துணுக்கின் அமைப்பு என்று விக்டர் ராஸ்கின் என்னும் மொழியியலார் 1985-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ‘உங்கள் மகன் வகுப்புக்கு வருவதில்லை, ஆகவே தூங்கியதில்லை’ என்று வரிசையை மாற்றினால் செய்தி எஞ்சும், நகை போய்விடும்.

இனி ஒரு சோதனை செய்வோம். ‘உங்கள் மகன்’ என்ற இடத்தில் ஓர் இனத்தின் பெயரை வைத்து, ‘அவ்வினத்துத் தொழிலாளி வேலை நேரத்தில் ஒருநாளும் தூங்கியதில்லை, வந்தால்தானே தூங்குவதற்கு’ என்று சொன்னால் என்ன ஆகும்? துணுக்கின் கட்டமைப்பு சிறிதும் மாறவில்லை. இரு பொருட்சட்டகங்களும் இறுதித் திருப்பமும் அப்படியே உள்ளன. ஆனால் அவ்வினத்தார் சோம்பேறிகள் என்ற கருத்து சொல்லப்படாமலே உள்ளே வந்துவிட்டது. கேட்பவர் நகைக்க வேண்டுமாயின் நகைக்கும் அளவுக்கேனும் அக்கருத்தை ஏற்றாக வேண்டும். வெளிப்படையாகக் கூறியிருந்தால் மறுத்திருப்பார். நகைப்பின் ஊடே வந்தமையால் மறுக்க இடமில்லாமற் போயிற்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் வழிப் பிறக்கும் என்றார். உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலை மேலும் பகுத்து, தான் பிறரை எள்ளுவதையும் தான் பிறரால் எள்ளப்படுவதையும் காட்டினார். நம் வழக்குக்கு இப்பகுப்பு பெரிதும் பயன்படும். மன்ற மேடையின் நகை பெரும்பாலும் பிறரை எள்ளும் நகை. மாற்று மேடையினர் எள்ளலைக் கைவிடவில்லை. அதன் திசையை மாற்றினர். ஆட்சியாளரை நோக்கியும் தம்மை நோக்கியும் அதனைத் திருப்பினர்.

அணிகளுள் அடங்காதவர்கள்

இப்பகுப்பைக் கொண்டு பார்த்தால், அணிப்பெயர்கள் தரத்தைக் காட்டாமை புலப்படும். டேவ் ஆலன் என்னும் அயர்லாந்துக் கலைஞர் 1971 முதல் 1979 வரை பிபிசியில் தம் பெயரில் நிகழ்ச்சி நடத்தினார். உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, கையில் குவளையோடு, நண்பரிடம் பேசுவதுபோல் பேசுவார். தாம் வளர்ந்த கத்தோலிக்கச் சூழலின் அதிகாரத்தை அஞ்சாமல் எள்ளினார். வெகுசன மேடையில் அமர்ந்திருந்தவர். காமெடி ஸ்டோர் திறப்பதற்கு முன்பே அதிகாரத்தை நோக்கி எள்ளலைத் திருப்பியவர். அவரை எந்த அணியில் வைப்பது?

மாற்று மேடைக்கும் குறை உண்டு. தாட்சரின் பெயரைச் சொன்ன அளவிலேயே கைதட்டல் எழும் அரங்குகள் இருந்தன என்பது அம்மேடைமீது கூறப்படும் குறைகளுள் ஒன்று. அங்கே துணுக்கு தொழிற்படவில்லை. ஒத்த கருத்துடையோர் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டனர். தெரிந்ததைத் தெரிந்தவரிடம் சொல்லும் குறை இழுப்பறைக்கு உண்டெனின் இதற்கும் உண்டு.

தன்னை எள்ளுதல் எப்போதும் உயர்ந்தது என்று கொள்ளவும் இயலாது. லென்னி ஹென்றி என்னும் கறுப்பினக் கலைஞர் 1975-ல், பதினாறு வயதில், ‘நியூ ஃபேசஸ்’ என்னும் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றார். அதன்பின், வெள்ளையர் முகத்தில் கரி பூசி ஆடிப் பாடும் ‘பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல்’ மேடை நிகழ்ச்சியில் சில ஆண்டுகள் பங்குகொண்டார். தம் நிறத்தைத் தாமே எள்ளும் துணுக்குகள் அக்காலத்தில் அவர் பேச்சில் இருந்தன. 1980களில் மாற்று மேடையினரோடு பழகித் தம் கலையை வேறு வகையாக அமைத்துக்கொண்டார். முற்காலத்து அம்மேடையைக் குறித்துப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார். ஸ்டூவர்ட் லீ மேடையில் தம்மை எள்ளுகிறார்; இளைஞர் ஹென்றியும் தம்மை எள்ளினார். முன்னது அவரே தேர்ந்துகொண்டது. பின்னதில், பிறர் சொல்லக் காத்திருந்ததை அவர் முந்திக்கொண்டு சொன்னார். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகையுள் இவ்விரண்டும் அடங்கும். ஆயினும் இவற்றிடையே உள்ள தொலைவு பெரிது.

உரைகல்லாகும் மூன்று வினாக்கள்

ஆகவே மாற்றா, வெகுசனமா என்று கேட்பதை விடுத்து, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்கலாம்.

முதல் வினா: இந்நகையில் எள்ளப்படுபவர் யார்? அவர் அரங்கில் இருந்தால் எழுந்து மறுமொழி கூறும் நிலையில் இருப்பாரா? தலைமை அமைச்சருக்கு மறுமொழி கூற ஆயிரம் மேடைகள் உண்டு. புதிதாகக் குடியேறிய தொழிலாளிக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இரண்டாம் வினா: நகைப்பதற்காக நாம் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட கருத்து எது? அதனை ஒரு வாக்கியமாக எழுதிப் பார்க்க வேண்டும். மெக்கின்டயரின் இழுப்பறைக்கு, ‘பயனற்றதை எறிய மனிதர்க்கு மனம் வருவதில்லை’ என்று எழுதலாம். அதனை ஏற்பதால் எவருக்கும் கேடில்லை. வேறு சில துணுக்குகளுக்கு அவ்வாக்கியத்தை எழுதக் கையே கூசும்.

மூன்றாம் வினா: மொழித்திறம் எங்கே உள்ளது? இறுதிச் சொல்லின் இடம், நிறுத்தம், பேச்சு வழக்கின் தேர்வு ஆகியவற்றால் நகை பிறந்ததா, அன்றி ஒரு பெயரைச் சொன்ன அளவில் வந்த கைதட்டலா? மன்ற மேடையினர் இவ்வினாவில் பலமுறை வெல்வர்; மாற்று மேடையினர் சிலமுறை தோற்பர். முதலிரு வினாக்களில் தோற்றவர் இதில் வென்றார் என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டா. திறமும் அறமும் தனித்தனியே உரைத்துப் பார்க்க வேண்டியவை.

வகுப்பறையில் எழும் நகை

சோஹோ விடுதியின் கதையை நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கூறுவதற்குக் காரணம் உண்டு. வகுப்பறையும் ஒரு தனிமேடையே. ஆசிரியர் ஒருவர் நிற்கிறார். முப்பது பேர் கேட்கின்றனர். அவர் சொல்லும் துணுக்குக்கு அவர்கள் நகைத்தே ஆக வேண்டிய நிலையும் அங்கு உண்டு.

ஆசிரியப் பணியின் தொடக்கக் காலத்தில் நாம் செய்த பிழை ஒன்றை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். பாடம் படித்த மாணவர் ஒருவர் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று ஒலித்தார். நாம் உடனே அவ்வொலிப்பை வைத்து ஒரு துணுக்கு சொன்னோம். சொல்லமைதி நன்றாகவே இருந்தது; வகுப்பு முழுவதும் நகைத்தது. அம்மாணவரும் நகைத்தார். அவர் நகைத்தமையால் அவருக்கு வருத்தமில்லை என்று எண்ணிக்கொண்டோம். அந்தத் தவணை முடியும் வரை அவர் உரக்கப் படிக்க எழவில்லை. பல வாரங்கள் சென்ற பின்னரே அதனைக் கவனித்தோம்.

மேற்கூறிய மூன்றாம் வினாவில் அன்று நாம் வென்றோம், முதலிரண்டிலும் தோற்றோம். எள்ளப்பட்டவர் மறுமொழி கூற இயலாதவர். ‘வீட்டு வழக்கில் ழகரம் இல்லாதவர் நல்ல தமிழர் அல்லர்’ என்பது சொல்லாமல் ஏற்கப்பட்ட கருத்து. அவ்வாக்கியத்தை யாரேனும் எழுதிக் காட்டியிருந்தால் மொழியியல் பயின்ற நாமே முதலில் மறுத்திருப்போம்.

ஆசிரியர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே நடத்தலாம். மாணவர் தாம் விரும்பிக் கேட்கும் நகைச்சுவையாளரின் துணுக்கு ஒன்றைக் கொண்டுவரட்டும். அவர் திரளான மக்கள் அறிந்தவராயினும் ஆகுக. சிலரே அறிந்தவராயினும் ஆகுக. முதலில் வகுப்பு நகைக்கட்டும். நகையைத் தடுத்துவிட்டு ஆராய்வது பயன் தராது. பின்னர் இறுதிச் சொல்லை இடம் மாற்றிப் பார்க்கட்டும். அதன்பின் எள்ளப்படுபவர் யார் என்று எழுதட்டும். நகைப்பதற்காகத் தாம் ஏற்றுக்கொண்ட கருத்தையும் ஒரு வாக்கியமாக அதன்கீழ் எழுதட்டும். எழுதிய பிறகும் நகைக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். நகைக்க முடிந்த துணுக்கை அடுத்த வகுப்பிலும் சொல்லலாம்.